குறிஞ்சி மறுபடி பூப்பதற்குள் இந்த ஸ்வெட்டரை முடித்துவிட முடியுமா?

பேரிக்காய்வீடு (கொடைக்கானல்):

வணக்கம். பல மாதமாக இங்கே வாசிக்க மட்டுமே வந்துகொண்டிருந்தேன். நாலு நாளாக மழை விடவில்லை. மின்சாரம் இப்போதுதான் வந்தது. இருட்டில் மெழுகுவத்தி தேடி அலமாரியைத் திறந்தவள், உள்ளே கிடந்ததைப் பார்த்து வெட்கப்பட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

2018இல் எங்கள் ஊரில் குறிஞ்சி பூத்தது. பூப் பார்க்க டெல்லியிலிருந்து வந்த என் ஓரகத்தி, சாம்பல் நிறக் கம்பளி நூல் பன்னிரண்டு உருண்டை கொண்டுவந்து, "பெரியத்தானுக்கு நீங்களே ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடுங்கக்கா" என்றாள். உருண்டைக்கு 50 கிராம். அன்று மாலையே ஆரம்பித்தேன். முதுகுப் பக்கம் முழுவதும் முடிந்தது. முன்பக்கம் ஒரு சாண் வந்தது. அதோடு நின்றது, ஏழு வருடம் ஆகிறது. குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்கும். இந்தப் போக்கில் போனால் செடிதான் முந்தும்.

தபால் அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். ஒரு கடிதத்தைக்கூட மேசையில் தங்க விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. வீட்டு அலமாரியில் தேங்கிக் கிடப்பது: மேலே சொன்ன ஸ்வெட்டர், மகளுக்கென்று ஆரம்பித்த மெரூன் ஷால், அதில் முக்கால்வாசி, அப்புறம் ஒரு காலுறை. ஒன்றுதான். ஜோடி இல்லை. அதில் என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வைக்கிறார்.

இப்போது தோட்டம். நாயுடுபுரத்துச் சரிவில் வீட்டின் பின்னால் மூன்று படிக்கட்டு நிலம். மேல் படியில் ஒரு கிழட்டுப் பேரிக்காய் மரம், இன்னமும் காய்க்கிறது. நடுப்படியில் கேரட், பீட்ரூட். கீழே பட்டாணியும், எப்போதும் ஒரு பாத்தி பூண்டும். இந்த வருடம் பூண்டு இன்னும் நடவில்லை. பாத்தியில் தண்ணீர் நிற்கிறது. போன வாரம் இரவில் காட்டுமாடு ஒன்று வேலியைப் படுக்க வைத்துவிட்டு உள்ளே வந்து பட்டாணிக் கொடி மேலேயே நடந்து போயிருக்கிறது. எஞ்சியதை நிமிர்த்திக் குச்சியில் கட்டினேன். கட்ட எதுவும் கையில் அகப்படாததால் மீதிக் கம்பளி நூல் துண்டுகளாலேயே கட்டினேன். என் பின்னல் வேலை தோட்டத்துக்குப் பயன்பட்டது அந்த ஒரு முறைதான்.

கேரட் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் ஒரே நாளில் முழுப் பொட்டலத்தையும் விதைத்தேன். செப்டம்பரில் அத்தனையும் ஒரே வாரத்தில் தயார். அல்வா, பொரியல், ஊறுகாய் எல்லாம் செய்து பார்த்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என் கையில் பையைப் பார்த்தாலே கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். மழை கொஞ்சம் விட்டதும் ஒரு கொத்து மல்லி பறிக்கப் போனால், களை கண்ணில் படும், நத்தை கண்ணில் படும், ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். வேலை தானாக நடக்கும். இரவு சாப்பிட்டு முடித்துப் பின்னலை எடுத்தால் எந்த வரிசையில் நிறுத்தினேன் என்பதே தெரியாது. கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) எண்ணுவேன், ஒரு தடவை 97 வரும், அடுத்த தடவை 95 வரும். பத்து நிமிடம் எண்ணிவிட்டு மடித்து வைத்துவிடுவேன். அதோடு மண்ணில் வேலை செய்து வெடித்த விரலில் கம்பளி சிக்கிச் சிக்கி இழுக்கிறது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. முதுகுப் பக்கத்தை நேற்று அவர் முதுகில் வைத்துப் பார்த்தேன். அகலம் போதவில்லை. நான் அளவு தப்பாகப் போட்டேனா, ஏழு வருடத்தில் அவர் பருத்துவிட்டாரா? இரண்டும் இருக்கலாம். யூடியூபில் ஒரு அமெரிக்கப் பெண்மணி சொன்னபடிதான் செய்தேன்: 8ஆம் நம்பர் ஊசி, முதுகுக்கு 97 கண்ணி, சுற்றளவு 108 செ.மீ. வரும் என்றார்.

பிரித்துவிடவா, தொடரவா? தோட்டத்தையும் பின்னலையும் சேர்த்துச் செய்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இரட்டை ஊசி (குன்னூர்):

அம்மா, வணக்கம். உங்கள் வீட்டுக்காரர் மேல் பழி போட வேண்டாம், தப்பு ஊசி நம்பரில் இருக்கிறது.

நம் பக்கத்துக் கடைகளில் காலம் காலமாக விற்பது பழைய பிரிட்டிஷ் நம்பர். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8ஆம் நம்பர் 4 மி.மீ., 10ஆம் நம்பர் 3.25 மி.மீ., 12ஆம் நம்பர் 2.75 மி.மீ. அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே நம்பர் ஏறினால் ஊசி தடிக்கும், 8 என்றால் 5 மி.மீ. நம்முடைய 8 அவர்களுக்கு 6. நீங்கள் 5 மி.மீ. ஊசிக்குச் சொன்ன கணக்கை 4 மி.மீ. ஊசியில் போட்டிருக்கிறீர்கள். நம்பரை மறந்துவிட்டு இனி மி.மீ. மட்டும் பாருங்கள்.

ஒரு ஸ்கேல் எடுத்து முதுகுத் துண்டின் நடுவில் வைத்து, 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஓரத்தில் வேண்டாம், ஓரம் எப்போதும் பொய் சொல்லும். 5 மி.மீ.க்கு அந்தப் பெண்மணிக்கு 18 கண்ணி வந்திருக்க வேண்டும், 97 கண்ணிக்கு 54 செ.மீ. உங்களுக்கு 22 பக்கம் வரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் 44 செ.மீ.தான். முன்னும் பின்னும் சேர்த்து 20 செ.மீ. குறைகிறது. மனிதர் மூச்சு விட வேண்டுமே!

என்னைக் கேட்டால் பிரித்துவிடுவேன். கம்பளி பிரித்துப் பின்னினால் கெட்டுப்போகாது. பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு நிற்கும், அப்படியே பின்னினால் கண்ணி மேடு பள்ளமாக வரும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊற வைத்து, கசக்காமல் பிழியாமல் எடுத்து, துண்டில் ஒற்றி, நிழலில் தொங்கவிடுங்கள். கீழே ஒரு கரண்டியைக் கட்டிவிட்டால் நேராகிவிடும். கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி கெட்டித்துப் போகும், பிறகு அதைச் செருப்புக்குள் வைக்கத்தான் ஆகும். புதிதாக நூல் வாங்கிச் சேர்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஏழு வருடத்துக்கு முந்தைய சாய லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூல்) இப்போது கிடைக்காது. ஒரே சாம்பல்தான் என்று கடைக்காரர் சொல்வார், வெயிலில் போட்டுக்கொண்டு நின்றால் இரண்டு சாம்பலும் தனித்தனியாகத் தெரியும்.

எங்கே நிறுத்தினோம் என்ற குழப்பத்துக்கு ஒரு வழி. என் அம்மா வெலிங்டன் பக்கம் வீடுகளுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்துத்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். காகிதத்தில் எழுதி நான் பார்த்ததில்லை. பல்லாங்குழிப் பலகைதான். முறுக்குப் பின்னல் எட்டு வரிசைக்கு ஒரு தடவை திரும்ப வரும். எட்டுக் குழியில் ஒரே ஒரு சோழி. வரிசை முடிந்தால் சோழி அடுத்த குழிக்குப் போகும். நாங்கள் விளையாட்டாகச் சோழியை நகர்த்திவிட்டு வாங்கிய அடி தனிக் கதை. அப்படித்தான் பின்னவும் கற்றேன். ஆண்பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று கேட்டவர்கள் எல்லாம் டிசம்பரில் என்னிடம் தொப்பி கேட்டு வந்தார்கள்.

பூம்பாறைக்காரன்:

அம்மா, பின்னல் எனக்குத் தெரியாது, தோட்டத்துக்கு மட்டும் சொல்கிறேன். நானும் நம்ம மலைதான்.

பூண்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பதற வேண்டாம். இங்கே வைகாசி பக்கம் ஒரு போகம், ஐப்பசி கார்த்திகையில் ஒரு போகம். ஆனால் தண்ணீர் நிற்கிற பாத்தியில் மட்டும் நடாதீர்கள். பல் முளைக்கும் முன்பே அழுகும். மண்ணை அரை அடி உயர்த்தி மேட்டுப்பாத்தி போட்டு, இரண்டு பக்கமும் வாய்க்கால் எடுத்து விடுங்கள். சரிவுக்குக் குறுக்கே போடுங்கள், நெடுக்கே போட்டால் ஒரு மழைக்கு மண் கீழ்வீட்டுக்குப் போய்விடும். பல்லுக்குப் பல் நாலு விரற்கடை, வரிசைக்கு வரிசை அரை அடி. கூர் முனை மேலே. பெரிய பல்லை நடுங்கள், சின்னதைக் குழம்பில் போடுங்கள். நம்ம ஆட்கள் நேர்மாறாகச் செய்துவிட்டு, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தும் என் பூண்டு மட்டும் ஏன் சிறுத்தது என்று கேட்பார்கள். மட்கிய ஆட்டெரு கிடைத்தால் போடுங்கள், பச்சை எரு வேண்டாம்.

நாலு மாதம் போல ஆகும். இலை பாதிக்கு மேல் மஞ்சளானதும் பிடுங்கித் தாளோடு கட்டுக் கட்டி அடுப்புப் புகை படுகிற இடத்தில் தொங்கவிடுங்கள். எங்கள் பாட்டி வீட்டில் அடுத்த நடவு வரைக்கும் அப்படியே தொங்கும்.

கேரட்டுக்கு: பொட்டலத்தை ஆறாகப் பிரியுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு வரிசை. அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் கம்பளி நூல் கட்டு. அது உண்மையிலேயே கம்பளிதானா? கடையில் உல்லன் என்று விற்பதில் பாதி அக்ரிலிக். மூன்று வருடத்துக்கு முன்னால் என் அக்கா வீட்டில் பச்சை நூலால் பீன்ஸ் கட்டினார்கள். கொடி காய்ந்து, எரு ஆகி, அந்த எருவைப் போட்டு அடுத்த பயிரும் எடுத்தாயிற்று. பச்சை நூல் இன்னமும் புழு மாதிரி மண்ணில் கிடக்கிறது. ஒரு துண்டு நூலை நெருப்பில் காட்டிப் பாருங்கள். முடி கருகுகிற நாற்றம் வந்து சாம்பல் பொடிந்தால் கம்பளி, அது மட்கிவிடும். உருகிக் கல் மாதிரி உருண்டால் பிளாஸ்டிக். கட்டுவதற்குப் பூக்காரரிடம் வாழைநார் கேளுங்கள்.

காட்டுமாட்டுக்கு நம்மிடம் வைத்தியம் இல்லை. விரட்டப் போகாதீர்கள். அது நின்று பார்க்கும், நாம்தான் ஓட முடியாது. வீட்டுக்குள் இருந்துகொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பின்வளவு (ஸ்கார்பரோ, கனடா):

அக்கா, உங்கள் காலுறையில் மூக்குக்கண்ணாடி இருக்கிற கதையை வாசித்துச் சிரித்துவிட்டேன். என்னுடைய ஒற்றைக் காலுறை குசினியில் தேநீர்க் கேத்தலின் கைப்பிடியில் இருக்கிறது.

எனக்கு நீங்கள் கேட்ட பிரச்சினை பாதிதான் உண்டு. இங்கே பனியே எல்லாவற்றையும் பிரித்துத் தந்துவிடும். மே மாதத்து விக்டோரியா தின நீள் விடுமுறைக்கு முன்னர் தக்காளிக் கன்றை வெளியில் வைத்தால் ஒரே இரவில் போய்விடும். ஒக்டோபரில் உள்ளியை (உங்கள் பூண்டுதான்) ஊன்றி வைக்கோலால் மூடிவிட்டால் வளவுக்கும் எனக்கும் கதை முடிந்தது. அது பனிக்குக் கீழே கிடந்து அடுத்த யூலையில்தான் கிண்டுவது. இடையில் ஆறு மாதம் பின்னல்தான். உங்களுக்கு வருடம் முழுக்க ஏதாவது முளைக்கிறது, அதுதான் கரைச்சல்.

குன்னூர் ஐயா பிரிக்கச் சொல்கிறார். நான் வேண்டாம் என்பேன். ஐயா கோபிக்க வேண்டாம். 44 செ.மீ. அகலத்தில் ஒழுங்காய்ப் பின்னி முடித்த முதுகு ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. சுற்றளவு 88. அது யாருக்கு அளவாய் வரும் என்று பாருங்கள். நெஞ்சளவு 75, 78 உள்ள ஒரு பெடியன் வீட்டில் இல்லையா? பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்? அவனுக்கு நீளம்தான் கூடிவிடும். அப்படியென்றால் மேலே அக்குள் வளைவு வரைக்கும் பிரித்து, அதற்குக் கீழேயும் வேண்டிய அளவு இறக்கி, வளைவை மறுபடி போட்டால் சரி. முழுக்கப் பிரித்தால் நீங்கள் திரும்ப ஊசி எடுக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும், நானும் அந்த ஆள்தான். மூன்று தடவை முழுக்கப் பிரித்த நீலநூல் ஒன்று இன்னும் உருண்டையாகவே இருக்கிறது.

ஸ்வெட்டர் கைகளைத் தனித்தனியாகச் செய்ய வேண்டாம். இரண்டு கையையும் ஒரே நீளமான வட்ட ஊசியில் (இரண்டு முனையையும் வளையும் கம்பி இணைக்கிற ஊசி), இரண்டு உருண்டையில் இருந்து, பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பின்னுங்கள். ஒரு கையில் குறைக்கிற வரிசையில் மற்றக் கையிலும் குறைப்பீர்கள். இரண்டும் ஒன்றாய் முடியும். ஒரு கை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குகிற மனம் எனக்கு ஒரு போதும் வந்ததில்லை. காலுறைக்கும் இதுதான் மருந்து.

வரிசை எண்ண: நேராகப் பின்னிய பக்கத்தில் ஒவ்வொரு கண்ணியும் சின்ன வி எழுத்து மாதிரி இருக்கும். ஊசியில் தொங்குகிறதையும் சேர்த்துக் கீழ்நோக்கி எண்ணுங்கள், ஒரு வி ஒரு வரிசை. உங்கள் ஷால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடு மேடாய் இருந்தால் ஒரு மேட்டுக்கு இரண்டு வரிசை. வரிசையின் நடுவில் விட்டுவிட்டு எழும்பிப் போகாதீர்கள், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்று மறக்கும், அந்த இடத்தில் கண்ணி இழுபட்டு ஓட்டையும் விழும்.

இன்னொன்று, இதை மட்டுமாவது செய்யுங்கள். தையல் ஊசியில் வழுவழுப்பான வேறு நிறப் பருத்தி நூல் கோத்து, இப்போது பின்னல் ஊசியில் உள்ள கண்ணிகள் எல்லாவற்றுக்கும் ஊடாக ஒரு தடவை விட்டு, இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளம் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு இருபது வரிசைக்கும் ஒன்று. மேலே என்ன பிழை வந்தாலும் அந்த நூல் வரைக்கும்தான் அவிழும். உயிர்நூல் என்று நான் சொல்வேன்.

விரலுக்கு: ஒரு கரண்டி சீனி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய், தேய்த்துக் கழுவிவிட்டுப் பின்னேரம் ஊசியை எடுங்கள். எண்ணெய்க் கையோடு மட்டும் கம்பளியைத் தொடாதேங்கோ.

இரட்டை ஊசி (குன்னூர்):

கோபம் எதற்கு? ஆளை மாற்றுவது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா, அப்படிச் செய்வதானால் மாமனாருக்குப் போடுவதாக இருந்த கழுத்து அகலத்தையும் மறுபடி கணக்குப் போடுங்கள். இல்லையென்றால் பையன் தலை உள்ளே போகாது, அல்லது தோள் நழுவும். (மாமனார் என்று எழுதிவிட்டேன், வீட்டுக்காரர் என்று வாசிக்கவும். இரவு பதினொன்றாகிறது.)

பேரிக்காய்வீடு (கொடைக்கானல்):

எல்லோருக்கும் தை மாத வணக்கம். பதில் சொல்லவில்லையே என்று நினைத்திருப்பீர்கள். வேலை நடந்துகொண்டிருந்தது.

ஸ்கேல் வைத்து எண்ணினேன். சரியாக 22. குன்னூர் ஐயா இங்கிருந்தே என் ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டார். வீட்டுக்காரரிடம், "நீங்க பருக்கல, ஊசிதான் மெலிஞ்சிருக்கு" என்று சொன்னேன். அன்று அவரே காபி போட்டுக் கொடுத்தார்.

பெங்களூருவில் மகள் வீட்டுப் பேரனுக்குப் பதின்மூன்று வயது. நெஞ்சளவு கேட்டேன், 77. முழுக்கப் பிரிக்கவில்லை. அக்குள் வளைவு வரைக்கும், அதற்குக் கீழே இன்னும் பத்து செ.மீ.யும் மட்டும் பிரித்தேன். பிரிக்கும்போது கை நடுங்கியது உண்மை. கல்யாணப் பத்திரிகையைக் கிழிப்பது போல இருந்தது. பிரித்த நூலை நாற்காலியில் சுற்றிக் கரண்டி கட்டித் தொங்கவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்கள் என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள்.

என்னுடைய நோய் என்னவென்று இதைச் செய்யும்போதுதான் பிடிபட்டது. தோட்டம் விட்ட இடத்தை அதுவே காட்டிக் கொடுக்கிறது. களை இருந்தால் களை எடுக்க வேண்டும், காய் இருந்தால் பறிக்க வேண்டும். பின்னல் வாயைத் திறக்காது. அதனால் பழைய வழக்கப்படி சீட்டு எழுத ஆரம்பித்தேன். ஊசியைக் கீழே வைக்கும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில், போன வரிசையை எழுதாமல், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதிக் குத்தி வைக்கிறேன். "அடுத்து: உள்பக்கம், பர்ல் (புரட்டிப் போடும் கண்ணி), குறைக்க வேண்டாம்." தேதியும் போடுகிறேன். முத்திரை குத்தாததுதான் பாக்கி. தேதி இருப்பதால் மூன்று நாளுக்கு மேல் ஒரு சீட்டு தங்கினால் எனக்குப் பொறுக்கவில்லை. 31 வருடப் பழக்கம்.

பல்லாங்குழி இந்த வீட்டில் இல்லை. முட்டை அட்டையும் புளியங்கொட்டையும் வைத்துக்கொண்டேன்.

பூண்டு மேட்டுப்பாத்தியில் நட்டாயிற்று, இப்போது ஒரு சாண் உயரம். பூம்பாறைத் தம்பி, உங்கள் சொல்லைக் கேட்டு நூலைக் கொளுத்திப் பார்த்தேன். சாம்பல் நிறம் முடி நாற்றம் அடித்தது, கம்பளிதான். மெரூன் உருகிக் கையைச் சுட்டது. பட்டாணியில் கட்டியிருந்த மெரூனை எல்லாம் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து அவிழ்த்தேன். கேரட் நாலாவது வரிசை விதைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்திருக்கின்றன.

இனி ஷால் கதை. மார்கழிக் கடைசியில் வானம் தெளிந்து ஒரு இரவு கடுங்குளிர். விடிந்தால் உறைபனி விழும் என்று தெரிந்தது. எனக்குத் தலைவலி. பட்டாணி பூவும் பிஞ்சுமாக நிற்கிறது, பழைய போர்வையை மூடிவிட்டு வாருங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் சோபாவில் கிடந்த மெரூன் ஷால் பட்டாணிப் பந்தல் மேல் விறைத்துக் கிடக்கிறது, உப்புத் தூவின மாதிரி பனி. ஒரு ஊசி பாத்தியில், இன்னொன்று வேலியோரம். ஸ்கார்பரோத் தங்கச்சி, அந்த வாரம்தான் உங்கள் உயிர்நூலைக் கோத்திருந்தேன். ஊசி உருவிப்போனாலும் ஆறு வரிசைதான் அவிழ்ந்திருந்தது. மீதி முழுவதும் அந்த வெள்ளை நூலில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஷாலும் பிழைத்தது, பட்டாணியும் பிழைத்தது. அவர் இரண்டு நாள் என் முன்னால் வரவில்லை. (போர்வையும் ஷாலும் அவருக்கு ஒரே மாதிரி தெரிந்ததாம். முக்கால் ஷால் அவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்றாவது ஆறுதல்.)

ஸ்வெட்டர் முன்பக்கம் பொங்கலுக்கு முதல் நாள் முடிந்தது. இரண்டு கையும் ஒரே ஊசியில் ஓடுகிறது, முழங்கை வரை வந்தாயிற்று. காலுறைக்கு ஜோடி போடும் எண்ணம் இல்லை. மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று போதும்.

இப்போது ஒரு புது சங்கடம். கழுத்து வட்டமா, வி வடிவமா என்று பேரனிடம் போனில் கேட்டேன். இரண்டும் வேண்டாமாம், ஹூடி வேண்டுமாம். கை முடிந்தால் இரண்டு உருண்டை மிஞ்சும் போலிருக்கிறது, 100 கிராம். இதே 4 மி.மீ. ஊசியில் தலையை மூடுகிற தொப்பி பின்ன அது போதுமா? குறைந்தால் விளிம்புக்கு மட்டும் வேறு நிறம் கொடுக்கலாமா? பையனிடம் இன்னும் சரி என்று சொல்லவில்லை.